அரை மணி நடக்க ஆம்பூரில் ஓர் இடம்

1982-ஆம் வருடம், பொங்கல் முடிந்த மறு திங்கட்கிழமை. காலை ஐந்தே முக்கால் மணி. புரசைவாக்கத்தில் நாங்கள் குடியிருந்த மாடிப் போர்ஷனிலிருந்து தெருவுக்கு வர இருபத்திரண்டு படிகள். இறங்கும்போது ஒன்றும் செய்வதில்லை. ஏறும்போது பதினான்காவது படியில் நெஞ்சின் நடுவே யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல் இருக்கும். நின்றால் போய்விடும். அந்தப் படிக்கு எதிரே சுவரில் காரை பெயர்ந்து ஒரு ஆமை வடிவம் தெரியும். நான்கு மாதமாக அந்த ஆமையைத் தினமும் இரண்டு தடவை பார்த்துவந்தேன்.

அன்று அதைப் பார்க்காமல் இறங்கினோம். நானும் என் மனைவி கமலமும், இரண்டு டிரங்குப் பெட்டிகள், ஒரு படுக்கை, ஒரு கூடை, ஒரு தண்ணீர்க் கூஜா. ஐந்து உருப்படிகள். சென்ட்ரல் போகும்வரை நான் அவற்றை ஒன்பது முறை எண்ணிவிட்டேன் என்று கமலம் சொன்னாள். நான் ஏழு என்று நினைத்தேன்.

பயணத்தின் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஒரே மகள் வசந்தியை ஆம்பூரில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை தயாளன் அங்கே ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். வசந்திக்கு எட்டாம் மாதம். முதல் பிரசவம் தாய் வீட்டில் என்பதுதான் வழக்கம். ஆனால் இருபத்திரண்டு படி ஏறக்கூடாது, ரயிலில் குலுங்கக்கூடாது என்று அவளைப் பார்க்கும் லேடி டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே தாய் வீடே மூட்டை கட்டிக்கொண்டு மகளிடம் புறப்பட்டது.

இதில் ஒரே சிக்கல் என் நெஞ்சு. ஆம்பூரின் காற்றும் சத்தமும் எனக்கு ஆகாது என்று சென்னையில் எல்லோரும் பயமுறுத்தினார்கள். கமலத்தின் தம்பி சம்பந்தம் வேலூரை அடுத்த பாகாயத்தில் இருக்கிறான். முதலில் அவன் வீட்டில் தங்கி, வேலூரில் ஓர் இதய டாக்டரைப் பார்த்து, அவர் சரி என்றால் ஆம்பூர் என்று முடிவாயிற்று. அவர் கூடாது என்றால் நான் பாகாயத்தில், கமலம் ஆம்பூரில். முப்பத்தெட்டு வருடத்தில் நாங்கள் ஒரு வாரத்துக்கு மேல் பிரிந்திருந்ததில்லை. என்னைத் தனியே விட்டால் மாத்திரையை மறந்துவிடுவேன் என்று கமலம் மகளிடம் போகாமல் என்னுடனே தங்கிவிடுவாள். அது எனக்கு நன்றாகத் தெரியும். முதல் பிரசவத்தில் வசந்தி, அம்மா இல்லாமல் இருக்கவேண்டியதாகிவிடும்.

காட்பாடிக்கு நூற்று முப்பது கிலோமீட்டர். வண்டி நாற்பது நிமிடம் தாமதம். காட்பாடியிலிருந்து பாலாற்றுப் பாலத்தைக் கடந்து, கோட்டை அகழியை ஒட்டிப் போய், டவுன் பஸ் பாகாயத்தில் எங்களை இறக்கிவிட்டபோது மணி பதினொன்றரை.

செவ்வாய், காலை ஆறு மணி. பாகாயத்தின் தெருக்களைப் பற்றி நான் சொன்னால் நம்பலாம். சென்னை மாநகராட்சியின் எஞ்சினியரிங் பிரிவில் முப்பத்து மூன்று வருடம் வரைபடம் போட்டவன் நான். தெருவின் அகலத்தைக் காலடியால் அளந்தே சொல்லுவேன். சம்பந்தம் வீட்டுத் தெரு முப்பது அடி. இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள், தூரத்தில் மொட்டைப் பாறை மலைகள். மருத்துவக் கல்லூரிப் பக்கம் போகும் சாலையில் அந்த நேரத்தில் இரண்டு சைக்கிள், ஒரு பால்காரர், அவ்வளவுதான். புறப்படும்போது நாடித்துடிப்பு எழுபத்தாறு. அரை மணி நடந்த பிறகு எண்பத்தெட்டு. வலி இல்லை. பேசவும் ஆள் இல்லை. உட்கார இடம் தேடி ஒரு மதகுச் சுவரில் உட்கார்ந்தேன். ஒரு நாய் வந்து எதிரில் உட்கார்ந்து, நான் எழுந்திருக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

புதனும் அதே சாலை, அதே நாய்.

வியாழன் மாலை டாக்டரைப் பார்த்தோம். நாற்பது வயதுக்காரர், வேகமாகப் பேசுபவர். இ.சி.ஜி. எடுத்தார். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை எழுதிக்கொடுத்தார். தினமும் சமதரையில் அரை மணி நடக்கவேண்டும், அதுதான் முக்கியமான மருந்து என்றார்.

“பாகாயத்துல நடந்தீங்க, வலி வரலை. ரொம்ப சரி. ஆம்பூர்ல எங்க நடப்பீங்க?” என்றார்.

“மாப்பிள்ளை வீட்டுத் தெருவுல.”

“தோல் பதப்படுத்தற டேனரிங்க இருக்கற தெருவா?”

“ஆமாம்.”

அவர் ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டி மேஜையில் வைத்தார். “உங்க நெஞ்சுக்கு இ.சி.ஜி. எடுத்துட்டேன். அந்தத் தெருவுக்கு யார் எடுக்கறது? லாரி ஹாரன், புகை, நாத்தம், பள்ளம். ஒவ்வொண்ணுக்கும் உங்க இதயம் பதில் சொல்லியாகணும். நடக்க இடமில்லைன்னு வீட்டுலயே உக்காந்துட்டீங்கன்னா அது இன்னும் மோசம்.”

கமலம் குறுக்கிட்டாள். “டாக்டர், பொண்ணுக்கு மொதப் பிரசவம்.”

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். “சரி. நாளைக்கே போங்க. அடுத்த புதன் வந்து காட்டுங்க. நடுவுல ரெண்டு நாளாவது, சேர்ந்தாப்பல அரை மணி, வலி இல்லாம, மாத்திரை இல்லாம நடந்திருக்கணும். முடியலைன்னா பாகாயம்தான். பொய் சொல்லக்கூடாது.”

“இவரா? பத்து பைசா சில்லரை ஜாஸ்தியா வந்தாக்கூட பஸ்ஸ நிறுத்தி இறங்கிப் போய்க் குடுக்கறவரு” என்றாள் கமலம்.

வெள்ளி, காலை எட்டு மணி. வேலூரிலிருந்து ஆம்பூர் ஐம்பது கிலோமீட்டர், டிக்கெட் நான்கு ரூபாய் இருபத்தைந்து காசு. பக்கத்து இருக்கையில் குடியாத்தத்துக்காரர் ஒருவர் லுங்கிக் கட்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொந்தமாக நான்கு விசைத்தறி வைத்திருப்பவர்.

“ஆம்பூர் எப்ப வரும்?” என்று அவரை மூன்றாவது முறை கேட்டேன்.

“நான் பள்ளிகொண்டாவுல எறங்கிடுவேன் சார். நீங்க கவலைப்படாதீங்க. கண்டக்டரு சொல்லாட்டியும் உங்க மூக்கு சொல்லிடும்” என்றார்.

பள்ளிகொண்டா, மாதனூர் தாண்டியது. பாலாறு ஒரு பக்கம் வெறும் மணலாகக் கூடவே வந்தது. ஆனால் ஆம்பூரில் இறங்கியபோது என் மூக்கு பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் தெருவும் அமைதியாக இருந்தது. வெள்ளை ஜிப்பா போட்ட பெரியவர்கள் தொழுகைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பிரியாணிக் கடை வாசலில் பெரிய தேக்சா அண்டாவைச் சுற்றி ஒரு கூட்டம். மாலை நான்கு மணிக்கு இருபது நிமிடம் நடந்தேன். நாடி எண்பத்து நான்கு. பாகாயத்தைவிடக் குறைவு!

“சென்னையில எல்லாரும் சும்மா பயமுறுத்திட்டாங்க” என்றேன், வீட்டுக்குள் நுழைந்துகொண்டே.

தயாளன் சங்கடமாகச் சிரித்தார். “மாமா, இன்னிக்கு வெள்ளிக்கிழமை. இந்தத் தெருவுல இருக்கற டேனரிங்களுக்கு வெள்ளிதான் லீவு. நாளைக்குப் பாருங்க.”

சனி, காலை ஏழு மணி. சங்கு ஊதியது. நாளை என்று மாப்பிள்ளை சொன்னது என்னவென்று அரை நிமிடத்தில் புரிந்துவிட்டது.

தெரு இருபத்திரண்டு அடி அகலம். அதில் எட்டு அடியை உப்புத் தோல் ஏற்றிவந்த லாரிகள் எடுத்துக்கொண்டன. நான்கு அடிக்குச் சுண்ணாம்புச் சேற்றுக் குவியல். ஈரத் தோல் ஏற்றிய கைவண்டிகள் இரண்டு பக்கமும் போய்வந்தன. தெருவின் குறுக்கே மூன்று இடத்தில், வண்டி போகும் பகுதியை மட்டும் மூடிவிட்டுத் திறந்து கிடக்கும் கால்வாய், டேனரியிலிருந்து வரும் கழிவுநீர். ஒன்று பழுப்பு, ஒன்று வெள்ளை, ஒன்று நீலப்பச்சை. மூன்றின் நாற்றமும் வேறுவேறு. கால்வாயின் அகலம் இரண்டே முக்கால் அடி. தாண்டிக் குதிக்கவேண்டும். ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்கள் கையில் டிபன் டப்பாவுடன், மற்றொரு கையால் புடவையைத் தூக்கிப் பிடித்து, வரிசையாகக் குதித்துப் போனார்கள். நான் முதல் கால்வாயைக் குதித்தேன். இரண்டாவதின் முன் நின்றபோது ஒரு லாரி என் காதுக்குப் பின்னால் ஹாரன் அடித்தது. கட்டைவிரல் வந்து நெஞ்சை அழுத்தியது. மாத்திரையை நாக்கின் அடியில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

நாடி நூற்றுப் பன்னிரண்டு. நடந்தது நூறு அடிகூட இல்லை.

நடந்ததை மறைக்காமல் சொன்னேன். கமலம் எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். வசந்தி கதவோரம் நின்று, “என்னையும் தெனம் நடக்கச் சொல்றாங்கப்பா. நான் எங்க போயி நடக்கறது? இந்த ஹால்லயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கறேன். பதிமூணு அடி. நீங்க கேப்பீங்கன்னு எண்ணி வெச்சேன்” என்றாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கஷ்டமாகவும் இருந்தது. அப்பா பாகாயத்துக்குப் போனால் அம்மாவும் போய்விடுவாள் என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது. போய்விடுவீர்களா என்பதைத்தான் அவள் கேட்காமல் நின்றாள்.

ஞாயிறு, காலை ஒன்பது மணி. முடியாது என்று உட்காருவதற்கு முன் தெருவை ஒழுங்காக ஒரு தடவை அளந்து பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். எங்கே ஒதுங்கலாம், எங்கே நிற்கலாம், எந்தக் கால்வாயை எந்த இடத்தில் கடக்கலாம் என்று தெரிந்தால் ஏதாவது வழி கிடைக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளை அரைக்கைச் சட்டை, கண்ணாடி. பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கத்தில் தெருவை வரைந்துகொண்டு மெதுவாகப் போனேன். கால்வாயின் விளிம்பில் குனிந்து தண்ணீர் ஓடும் வாட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு டேனரி வாசலிலும் நின்று, கடிகாரத்தைப் பார்த்து மணிக்கட்டில் நாடியை எண்ணினேன்.

இரண்டாவது டேனரியின் வாசலில் நாற்பத்தெட்டாவது துடிப்பை எண்ணிக்கொண்டிருந்தபோது ஒருவர் உள்ளேயிருந்து ஓடிவந்தார். அறுபது வயது இருக்கும். தாடி, கட்டம்போட்ட லுங்கி, காதில் பென்சில். மேனேஜர் காதர் பாய் என்று பிறகு தெரிந்தது.

“வாங்க சார், வாங்க சார். வெயில்ல நிக்கிறீங்களே. உள்ள வாங்க. டேய் ஏழுமலை, சாருக்கு ஒரு சோடா!”

வாட்ச்மேன் ஏழுமலை ஓடினான்.

“வேண்டாம். நான் சும்மா நடக்கிறேன்” என்றேன்.

“நடங்க சார், நல்லா நடங்க. உங்க வேலைய நீங்க பண்ணுங்க. நாங்க தப்பு சொல்லலையே.”

“எனக்கு வேலை ஒன்றுமில்லை. ரிட்டயர் ஆகிவிட்டேன்.”

“எந்த டிபார்ட்மெண்டு சார்?”

பொய் சொல்லத் தெரியாதவன் நான். “மாநகராட்சி. எஞ்சினியரிங். சாலை, சாக்கடை வரைபடம்.”

காதர் பாய் ஏழுமலையைப் பார்த்தார். ஏழுமலை சோடாவை இன்னும் கொஞ்சம் மரியாதையாகப் பிடித்துக்கொண்டான்.

விஷயம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. கழிவுநீரைச் சோதிக்க மெட்ராசிலிருந்து ஆபீசர்கள் வரப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு இருப்பதாகத் தயாளன் சொல்லியிருந்தார். “ஐயா, நான் ஆபீசர் இல்லை. எனக்கு இதய நோய். டாக்டர் தினமும் அரை மணி நடக்கச் சொல்லியிருக்கிறார். இந்தத் தெருவில் நடக்க முடியுமா என்று பார்க்கிறேன். அவ்வளவுதான்” என்றேன்.

காதர் பாய் கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். “போன வாட்டி வந்த ஆபீசரு, பையனுக்குப் பொண்ணு பாக்க வந்தேன்னாரு. அதுக்கு முந்தி வந்தவரு வழி தெரியாம வந்துட்டேன்னாரு. நீங்க ஹார்ட்டுங்கிறீங்க. இது நல்லாத்தான் சார் இருக்குது.”

சட்டைப் பையிலிருந்து மாத்திரைப் புட்டியை எடுத்துக் காட்டினேன். அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“பெரிய ஆபீசருங்களுக்குத்தான் இந்த வியாதி ஜாஸ்தி” என்று ஏழுமலையிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். எனக்கு நன்றாகவே கேட்டது.

பிறகு என்னிடம், “சார், ஒண்ணே ஒண்ணு. நடக்கறதுக்கு இந்தத் தெருவுல இன்னா இன்னா கஷ்டம், அத மட்டும் சொல்லிட்டுப் போங்க” என்றார்.

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுவது என் சுபாவம். கால்வாயின் மேல் கல் இல்லை, சுண்ணாம்புக் குவியல் பாதையில் இருக்கிறது, கைவண்டிகள் இரண்டு பக்கமும் ஓடுகின்றன, லாரிகள் காரணமில்லாமல் ஹாரன் அடிக்கின்றன, களைத்தால் உட்கார இடமில்லை. ஐந்து குறைகள். கையில் இருந்த வரைபடத்தைக் காட்டியே சொன்னேன். காதர் பாய் காதிலிருந்த பென்சிலை எடுத்து உள்ளங்கையில் குறித்துக்கொண்டார்.

திங்கள், காலை ஏழே கால் மணி. இதை என் கண்ணால் பார்க்காவிட்டால் நானே நம்பியிருக்கமாட்டேன். மூன்று கால்வாய்களின் மேலும் புதிய கடப்பாக் கற்கள் கிடந்தன. சுண்ணாம்புக் குவியல் டேனரியின் மதிலுக்கு உள்ளே போயிருந்தது. கைவண்டிகள் எல்லாம் வடக்குப் பக்கம். தெருவில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கியிருந்தார்கள். வேப்ப மரத்தடியில் பின்னல் வேலை செய்த ஒரு மர நாற்காலி. மூலையில் ஏழுமலை ஒரு சிவப்புத் துணியைக் குச்சியில் கட்டிப் பிடித்து நின்றான். லாரி வந்தால் அதைக் காட்டி, “ஹாரன் அடிக்காதப்பா, ஆபீசரு நடக்கறாரு!” என்று கத்தினான். ஹாரனைவிட அவன் கத்தியதுதான் அதிகச் சத்தம்.

நான் நடந்தேன். அரை மணி. முடிந்ததும் நாற்காலியில் இரண்டு நிமிடம். வலி இல்லை, மாத்திரை இல்லை. நாடி தொண்ணூறு.

ஷூ கம்பெனிப் பெண்கள் புடவையைத் தூக்காமல் கல்லின் மேல் நடந்து போனார்கள். ஒருத்தி அதன் மேல் நின்று ஒரு தடவை குதித்துப் பார்த்தாள். “ஏய், ஒடச்சித் தொலைக்காதடி. நாளைக்கு வேணும்” என்றாள் பின்னால் வந்தவள்.

முப்பத்து மூன்று வருடத்தில் நான் வரைந்த தெருக்களை எண்ணியிருக்கிறேன், நானூற்றுக்கு மேல். வண்டிப் பாதை, சாக்கடை, விளக்குக் கம்பம், குழாய், எல்லாம் அங்குலச் சுத்தமாக இருக்கும். நடக்கிறவன் களைத்தால் எங்கே உட்காருவான் என்று எந்தப் படத்திலும் நான் ஒரு சின்னக் கட்டம்கூடப் போட்டதில்லை. போடச் சொல்லி யாரும் கேட்டதுமில்லை. இப்படிக் கேட்டு, மறுநாளே செய்தும் கொடுத்தவர் காதர் பாய் ஒருவர்தான், அதுவும் ஆளை மாற்றிப் புரிந்துகொண்டு.

செவ்வாய், மாலை ஐந்து மணி. காலையில் நடந்தாகிவிட்டது, டாக்டர் கேட்ட இரண்டு நாள் கணக்கு முடிந்துவிட்டது. மாலையில் வசந்தியைக் கூப்பிட்டேன். “வா, உன் பதிமூன்று அடியை விட்டு வெளியே வா.” அவள் கல்யாணமாகி அந்தத் தெருவில் ஒன்றரை வருடமாக இருக்கிறாள். ரிக்‌ஷாவில் ஏறாமல் தெருவின் மறுகோடிக்குப் போனது அன்றுதான் முதல் தடவை. முதல் கல்லை என் கையைப் பிடித்துக்கொண்டு தாண்டினாள். இரண்டாவதில் கையை விட்டுவிட்டாள். பின்னால் கமலம், “மெதுவா, மெதுவா” என்று எங்கள் இருவருக்கும் பொதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

வேப்ப மரத்தடியில் காதர் பாய் நின்றிருந்தார். “சலாம் சார்” என்றவர், வசந்தியைப் பார்த்ததும் நிறுத்தினார்.

“நீ தயாளன் சம்சாரம் தானேம்மா?”

“ஆமா பாய்.”

“இவரு?”

“எங்கப்பா.”

“மெட்ராசுல ஆபீசரா?”

“ரிட்டயர்டு பாய். ஹார்ட்டுக்கு நடக்கச் சொல்லியிருக்காங்க.”

ஒரு கைவண்டி கிரீச் கிரீச் என்று வடக்குப் பக்கமாகப் போனது. “நான் முதலிலேயே சொன்னேன்” என்றேன்.

“நெசமாவே ஹார்ட்டா?”

“நெசமாவே.”

காதர் பாய் தலையில் கை வைத்துக்கொண்டு, எனக்காகப் போட்ட நாற்காலியில் தானே உட்கார்ந்தார். “யா அல்லா! ரெண்டு நாளா நான் தூங்கலையே சார். முதலாளி என்னைப் பேஜார் பண்ணிட்டாரு. அந்த ஆபீசரு இன்னா எழுதினாரு, இன்னா எழுதினாருன்னு. ஹார்ட்டுன்னு எழுதினாருன்னு இப்ப நான் போய்ச் சொல்லவா?” வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கமலம் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசியில் எனக்கும் சிரிப்பு வந்தது.

ஏழுமலை மட்டும் சிரிக்கவில்லை. சிவப்புத் துணியைக் குச்சியிலிருந்து அவிழ்த்துக்கொண்டே, “பாய், அப்ப கல்ல எடுத்துடலாமா?” என்று கேட்டான்.

என் நெஞ்சு அந்த வாரத்தில் வேறெப்போதும் அப்படி அடிக்கவில்லை. எண்ணாமலே சொல்லுவேன், நூற்று இருபதுக்கு மேல். வசந்தி நடுக்கல்லின் மேல் நின்றுகொண்டிருந்தாள்.

காதர் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். “ஏண்டா, மாசமா இருக்கற பொண்ணு நிக்கறது தெரியல? அது மேலேருந்து எறங்குன்னு நீ போய் சொல்றியா?” என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “நெசமான ஆபீசரு ஒரு நாளைக்கு வரத்தான் போறாரு சார். இத எடுத்துட்டு மறுபடி யாரு தூக்கிப் போடறது? முதுகு ஒடியும். கெடக்கட்டும். ஆனா நாற்காலி முதலாளி ரூம் நாற்காலி. அது மட்டும் உள்ள போவணும்” என்றார்.

நாற்காலி போயிற்று. மறுநாள் அந்த இடத்தில் தோல் பட்டையைக் குறுக்கும் நெடுக்கும் அடித்த ஒரு பெஞ்சு இருந்தது. நாற்காலியைவிட வசதி.

புதன், காலை பதினோரு மணி, வேலூர். டாக்டரிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் இரண்டு முறை பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். வரைபடத்தை வாங்கிப் பார்த்தார்.

“தெருவுக்கு இ.சி.ஜி. எடுத்துட்டீங்க” என்றார். “போங்க, மகளோட இருங்க. ஆனா ஒண்ணு. கல்லு போட்டதால காத்து சுத்தமாயிடலை. கால்வாய்த் தண்ணி அதேதான், மூடியிருக்கு, அவ்வளவுதான். பிரசவம் முடிஞ்சு ரெண்டு மாசத்துல கிளம்பிடணும்.”

அது உண்மைதான். அந்தத் தண்ணீர் கல்லுக்கு அடியில் அதே நிறத்தில் பாலாற்றை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவருவதாக எதிர்வீட்டு அம்மா தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஓர் ஊரின் நெஞ்சைச் சரிசெய்ய மூன்று கற்கள் போதாது. ஆனால் அரை மணி நடக்க அவை போதுமாக இருந்தன.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை. நானும் காதர் பாயும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவருக்கும் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதென்று, நான் விடாமல் சொல்லி அவரையும் நடக்கவைத்திருந்தேன். கால்சட்டை போட்ட ஓர் இளைஞர் தோளில் பையுடன் தெருவில் வந்தார். கல் மூடாத ஓரத்தில் கால்வாயை எட்டிப் பார்த்தார், மூக்கைப் பிடித்துக்கொண்டார், கடிகாரத்தைப் பார்த்தார்.

காதர் பாய் எழுந்திருக்கவில்லை. “இன்னா தம்பி, இந்த வயசிலேயே ஹார்ட்டா? மெதுவா நடப்பா, அவசரப்படாத. இப்படி வந்து உக்காரு” என்று பெஞ்சில் இடம் விட்டார்.

அந்த இளைஞர் பையைத் திறந்து ஒரு கண்ணாடிப் புட்டியை எடுத்து, குனிந்து நீலப்பச்சைத் தண்ணீரை நிரப்பினார். காதர் பாயின் முகத்தை நான் வர்ணிக்கப்போவதில்லை. அவர் என் நண்பர்.

பங்குனியில் வசந்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ நூறு கிராம். வலி கண்டபோது ரிக்‌ஷா நடுக்கல்வரைதான் வந்தது, ஒரு லாரி வழியை அடைத்திருந்தது. மீதித் தூரம் கமலத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு வசந்தி நடந்தே வந்து ஏறினாள். நான் பின்னால் கூஜாவுடன்.

வைகாசியில் புறப்பட்டோம். ஆம்பூர் ஸ்டேஷனுக்குக் காதர் பாய் கத்திரிக்காய்த் தொக்கு ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். “பிரியாணி உங்களுக்கு ஆவாதுன்னு தெரியும். இதுல எண்ணெய் கம்மி” என்றார். எண்ணெய் மேலே மிதந்துகொண்டிருந்தது. “தெனம் நடப்பீங்களா?” என்று கேட்டேன். “நீங்க போன பெறவு யாருக்குப் பயந்து நடக்கறது?” என்றார். ஐந்தாக வந்த உருப்படிகள் எட்டாகத் திரும்பின.

சென்னையில் மாடியை விட்டுத் தரைத்தளத்தில் ஒரு போர்ஷன் பார்த்துக்கொண்டோம். ஆமைக்கு வேலை போயிற்று. குடிவந்த மறுநாள் காலை எங்கள் தெருவில் நடக்க இறங்கினேன். பதினைந்து வருடத்துக்கு முன் நானே வரைந்த தெரு. அகலம் முப்பது அடி, வாட்டம் துல்லியம், நடைபாதை நான்கு அடி. நடைபாதையில் மளிகைக் கடைக்காரரின் மூட்டைகள், சைக்கிள் கடைக்காரரின் சைக்கிள்கள் பதினொன்று. சாக்கடை மூடி இரண்டு இடத்தில் இல்லை. சாலையில் இறங்கி நடந்தால் பஸ் முதுகை உரசுகிறது. மூடியில்லாத இடத்தில் நின்று, கடிகாரத்தைப் பார்த்து நாடியை எண்ணினேன். பழக்கத்தில் கையில் ஒரு காகிதமும் இருந்தது.

மளிகைக் கடைக்காரர் வெளியே வந்தார். புதிதாகக் கடை எடுத்தவர், என்னைத் தெரியாது. என் கடிகாரத்தைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, “சாரு கார்ப்பரேஷனா?” என்றார்.

என் வாழ்நாளில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நான் இருந்ததில்லை. இன்னொரு முறை சாக்கடைக்குள் எட்டிப் பார்த்தேன். மூட்டைகளை நிதானமாக, உதடு அசைய, ஒன்றிலிருந்து ஒன்பதுவரை எண்ணினேன். பிறகு காகிதத்தில் ஒன்பது என்று எழுதிக்கொண்டு நடந்தேன்.

திரும்பி வரும்போது நடைபாதையில் மூட்டை ஒன்றுகூட இல்லை. நாடி எண்பத்திரண்டு.